நாலு சிவப்புத் தடிகள்

விண்ணப்பத்தின் கடைசிக் கேள்விதான் றஜித்தின் உயிரை எடுத்தது. மற்றதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எத்தனை இளைஞர்களோடு வேலை செய்தாய், எந்தெந்த நாடுகளில் பயிற்சி கொடுத்தாய், தெரிவானால் என்ன செய்வாய் என்று கேட்டிருந்ததையெல்லாம் ஒரே பின்னேரத்தில் நிரப்பி முடித்துவிட்டான். நாற்பது நாடுகளின் இளைஞர் அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்த வலையமைப்பு அது. அதன் நிர்வாகக் குழுவில் ஆசியாவுக்கென்று ஒரேயொரு இடம், போட்டிக்கு மூன்று பேர். அந்த மூன்று பேரில் ஒருத்தன் கொக்கிளாய்க் களப்பில் இறால் பிடித்தவனின் மகன் என்றால் லேசுப்பட்ட காரியமா? ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

கடைசிக் கேள்வி இதுதான்: உங்கள் பாதை எங்கே தொடங்கியது? எழுதக்கூடாது, மூன்று நிமிட வீடியோவாகச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்துத்தான் எல்லா நாட்டுக்காரரும் வாக்குப் போடுவார்கள்.

எங்கே தொடங்கியது என்று அவனுக்கு நல்லாகவே தெரியும். நாலு தடியில் தொடங்கியது. தலையில் சிவப்பு மை பூசிய நாலு தடி. பதினாலு வருசமாக அதை அவன் பெற்ற தாய்க்குக்கூடச் சொன்னதில்லை.

சண்டை முடிந்து, சனம் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டில்களுக்குள் குந்தியிருந்த காலம் அது. ஊருக்கும் பற்றைக் காட்டுக்கும் நடுவில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எல்லை போட்டிருந்தார்கள். வெள்ளைத் தடி நட்ட பக்கம் துப்புரவாக்கின பக்கம், நடக்கலாம். சிவப்புத் தடி நட்டிருந்தால் அங்காலே ஒரு அடியும் வைக்கக்கூடாது. பால்குடி மறந்த பிள்ளைகூட அதைச் சொல்லும்.

அப்போது றஜித்துக்குப் பதின்மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பக்கத்து ஊர்ப் பெடியளோடு எல்லே விளையாடுவதாகப் பேச்சு. எல்லேயில் பந்தை அடித்துவிட்டு ஓடுகிறவன் நின்று மூச்சுவிட நாலு இடத்தில் தடி நட வேண்டும். தடிக்கு எங்கே போவது? காட்டுக்குள் வெட்டப் போனால் வெடிக்கும். வெடிக்குமென்று சொல்ல நட்டிருந்த தடி நல்ல நேராக, வழுவழுவென்று கைக்கெட்டின தூரத்திலேயே நின்றது. வேறெந்த ஊர்ப் பிள்ளைக்கு இப்படியொரு புத்தி வரும்? சனிக்கிழமை பின்னேரம், வீரை மரத்தடியில் ஒற்றையடிப் பாதை திரும்புகிற இடத்தில் வரிசையாக நின்ற நாலு சிவப்புத் தடியையும் தனியே போய்ப் பிடுங்கினான். சிவப்புத் தலை மண்ணுக்குள் போகும்படி அவற்றைத் தலைகீழாக விளையாட்டுத் தரையில் அடித்து நட்டான். கேட்டவர்களுக்கு மாமா சீவித் தந்தவர் என்றான். ஆட்டம் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் நட்டுவிடுவதுதான் அவன் எண்ணம். சத்தியமாக அதுதான் எண்ணம்.

ஆட்டம் தொடங்கவேயில்லை. பூசை முடிந்து வந்த தர்மிளா, கட்டறுத்துக்கொண்டு ஓடிய ஆட்டைத் தேடி அந்தப் பாதையால் போனாள். றஜித்தின் வகுப்புப் பிள்ளை அவள், கிறகோரியின் ஒரே மகள். வீரை மரத்தடியில் அவளை மறிக்க ஒரு தடியும் நிற்கவில்லை. வெடிச் சத்தம் கேட்டு ஊரெல்லாம் ஓடிப்போய்ப் பாதையில் விறைத்து நின்றது. தடி நிற்கிறதா இல்லையா என்று பார்க்க அந்த நேரம் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கிறகோரி மட்டும் மகளின் கால் அடையாளத்தில் அடிவைத்து உள்ளே போய் அவளைத் தூக்கி வந்தான். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை. உழவு இயந்திரப் பெட்டியில் அவளைக் கிடத்திக்கொண்டு போக, சனமெல்லாம் அதன் பின்னால் கத்திக்கொண்டு ஓடியது.

றஜித் மற்றப் பக்கம் ஓடினான். நாலு தடியையும் பிடுங்கி, சிவப்புத் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் போட்டிருந்த சேட்டால் துடைத்து, பழைய குழிகளிலேயே நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் போர்த்துக்கொண்டு படுத்தான். அடி விழும் என்ற பயத்தைத் தவிர அந்த நேரம் அவன் நெஞ்சில் வேறொன்றும் இருக்கவில்லை. பின்னேரம் அதிகாரிகள் வந்தார்கள், படம் எடுத்தார்கள். எச்சரிக்கைத் தடிகள் உரிய இடத்தில் இருந்தன, சிறுமி மீறி உள்ளே சென்றிருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

தர்மிளா ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்து ஒன்றையே சொன்னாள். "தடி இருக்கேல்ல அப்பா. சத்தியமா இருக்கேல்ல."

"நாலு தடியும் நட்டபடி நிக்குது. இந்தக் கண்ணால பாத்திட்டு வாறன்," என்றான் கிறகோரி. "செய்யிறதையும் செய்துபோட்டுப் பொய்யும் சொல்லுறியோ?"

மகளை உயிரைப் பணயம் வைத்துத் தூக்கி வந்த தகப்பன்தான். ஆனால் அதற்குப் பிறகு அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காலுக்காக அல்ல, பொய்க்காக. பொய் என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது.

அடுத்த வருசம் கண்ணிவெடி விழிப்புணர்வுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்து வீதி நாடகத்துக்குப் பிள்ளைகள் கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கினவன் றஜித். நெஞ்சில் முள் ஏறினவன் சும்மா இருப்பானா? இன்னொரு பிள்ளைக்கு இப்படி நடக்கக்கூடாது என்ற தவிப்பு அவனுக்குள் உண்மையாகவே இருந்தது. தொண்டை கிழியக் கத்தினான், வீடு வீடாகப் போனான். நாடகத்துக்குப் பாட்டுக் கட்டச் சொன்னார்கள், கட்டினான்.

"தடியைக் கண்டும் காணாமப் போனாள்,
தன்ர காலை விட்டிட்டு வந்தாள்!"

பாட்டு ஸ்கந்தபுரம், புதுக்குடியிருப்பு என்று பரவியது. பறையோடு பாட நல்ல எடுப்பான பாட்டு. பிள்ளைகள் வாய்க்குள் அது நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தர்மிளா ஊன்றுகோலோடு பள்ளிக்கூடம் திரும்பிய முதல் நாள் பின் வரிசை வாங்கிலிருந்து யாரோ அதை முணுமுணுக்க, வகுப்பே சிரித்தது. றஜித்தும் அந்த வகுப்பில்தான் இருந்தான்.

அங்கிருந்து இளைஞர் கழகம், மாவட்டச் சம்மேளனம், வவுனியா, கொழும்பு, காத்மண்டு, ஜெனீவா. மேடைக்கு மேடை அவன் தொடங்குவது ஒரே வசனத்தில்தான்: எங்கள் ஊரில் ஒரு பிள்ளை எச்சரிக்கையைப் பார்த்தும் உள்ளே போனாள். அந்த வசனம் வராமல் அவனால் பேச்சைத் தொடங்கவே முடியாமல் போய்விட்டது.

வீடியோ எடுக்க வவுனியாவிலிருந்து நஸீஹா வந்தாள். வலையமைப்பின் இலங்கைக் கிளையில் இந்த வேலைகளைப் பார்ப்பவள், சுறுசுறுப்பான பிள்ளை.

"நீங்கள் மட்டும் கதைச்சாக் காணாது றஜித்," என்றாள். "அந்தப் பிள்ளையும் வரோணும். மற்ற ரெண்டு பேரிட்டையும் இப்பிடி ஒண்டு இல்லை."

"அவள் வரமாட்டாள். கமரா எண்டாலே அவளுக்குச் சரிவராது."

"கேட்டுப் பாக்காமலே சொன்னா எப்பிடி? நான் கேக்கிறன், விடுங்கோ."

தர்மிளா கமராவுக்கு முன்னால் என்ன சொல்வாள்? அவள் சொல்லக்கூடியது ஒன்றுதானே. தடி இருக்கேல்ல. அதை நாற்பது நாட்டுக்காரர் கேட்பார்கள். கேட்டுவிட்டு இவனைப் பார்ப்பார்கள்.

தர்மிளா வீட்டு விறாந்தையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சட்டைகள், பிளவுஸ்கள் என்று வேலைக்குக் குறைவில்லை. கலியாணப் பேச்சுகள்தான் வந்த வேகத்தில் திரும்பின. காலைக் கண்டு திரும்பினதை விட, சொல்வழி கேளாத பிடிவாதக்காரியாம், பொய்யும் சொல்லுவாளாம் என்று கேள்விப்பட்டுத் திரும்பினதுதான் கூட. கிறகோரி இரண்டு வருசத்துக்கு முன் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். இப்போது தாய் சுசிலாவும் அவளும்தான்.

நஸீஹா கேட்டதும் தர்மிளா மறுப்புச் சொல்லவில்லை. செயற்கைக் காலைப் பூட்டி, நல்ல சட்டை ஒன்றை மாற்றிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். றஜித் கமராவுக்குப் பின்னால் நின்றான்.

"அண்டைக்கு என்ன நடந்தது தர்மிளா?" என்றாள் நஸீஹா.

"ஆடு தேடிப் போனனான்," என்றாள். "சிவப்புத் தடி நட்டிருந்தது. நான் பாத்தனான். பாத்துப்போட்டும் போனனான். பிழை என்ரதான். றஜித் மாதிரி ஆக்கள் எங்களுக்கு முந்தியே சொல்லித் தந்திருந்தா நான் போயிருக்க மாட்டன்."

"அல்லாஹ்! இதுக்கு மேல என்ன வேணும்?" என்று நஸீஹா கமராவை நிறுத்தினாள். பற்றரி மாற்ற வேண்டுமென்று வாகனத்துக்குப் போனாள்.

றஜித் கமராவைச் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்தான். பதினாலு வருசம் அடி வாங்கியும் ஏச்சு வாங்கியும் விட்டுக்கொடுக்காத ஒரு சொல்லை இவள் இப்படிப் பொசுக்கென்று போட்டுவிட்டாளே.

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?" என்றான்.

"வேறென்ன சொல்ல? அதைத்தானே நீ எல்லா இடமும் சொல்லுறாய்." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. "நான் மாத்திச் சொன்னா உனக்கு அந்த இடம் கிடைக்காதெல்லோ. எங்கட ஊரில இருந்து ஒருத்தன் போறான், போகட்டுமே. அப்பாவும் இல்லை. இனி ஆரோட நிண்டு சண்டை பிடிக்கிறது? எல்லாரும் சொல்லிச் சொல்லி இப்ப கனவிலயும் எனக்குச் சிவப்புத் தடிதான் வருது. ஒருவேளை நான்தான் பாக்காமப் போட்டனோ தெரியேல்ல."

அதோடு அவன் உடைந்துவிட்டான். மனுசன் என்றால் உடையத்தானே வேணும்!

"தடி இருக்கேல்ல, தர்மிளா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் பிடுங்கினனான். எல்லேக்கு. வெடிச்சாப் பிறகு திருப்பி நட்டதும் நான்தான்."

மெஷினில் கிடந்த துணியை அவள் மெதுவாக எடுத்து மடித்தாள். விரித்துத் திரும்பவும் மடித்தாள்.

"எத்தினை தடி?"

"நாலு."

"வீரை மரத்தடியிலயோ?"

"ஓம்."

"அம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் குசினிக்குள் ஏதோ விழுந்து உருண்டது. "அம்மா, இஞ்ச ஓடி வாங்கோ! வந்து இவன் சொல்லுறதைக் கேளுங்கோ. சொல்லு. திருப்பிச் சொல்லு."

சொன்னான். சுசிலா கையில் மாவோடு நின்று முழுவதையும் கேட்டாள். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் தலை குனிந்து நின்றான். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அந்த மனுசன் சாகுமட்டும் இந்தப் பிள்ளையோட ஒரு வார்த்தை ஆசையாக் கதைக்கேல்லயடா," என்றாள். "கடைசி நாள் ஆசுப்பத்திரியில தண்ணி பருக்கப் போனவள். முகத்தைத் திருப்பிப்போட்டார். ரெண்டு வருசத்துக்கு முந்தி இந்த வாயைத் திறந்திருக்கக்கூடாதோ தம்பி?"



தர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியாத முகம். "அப்ப நான் பொய் சொல்லேல்ல," என்றாள். "எனக்கு விசரும் இல்லை, புத்தி பிசகவும் இல்லை. அம்மா, கேட்டனீங்களே, தடி இருக்கேல்லயாம்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அந்தப் பிள்ளையைக் கூப்பிடு. நான் கதைச்சதை அழிக்கச் சொல்லு. இப்ப எனக்குச் சொன்னதை நீ அதுக்குள்ள சொல்லு. தமிழில சொல்லு. எங்கட ஊர்ச் சனம் கேக்கோணும்."

சொன்னான். பிடுங்கினது, தலைகீழாக நட்டது, மண் துடைத்தது, திருப்பி நட்டது, பாட்டுக் கட்டினது என்று ஒன்றையும் விடவில்லை. நஸீஹாவின் முகம் வெளிறிப்போனது.

"கீழ இங்கிலீசில எழுத்துப் போட்டு இதையே அனுப்புறது? நல்லா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

"அனுப்புங்கோ," என்றான்.

போட்டி அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தான். பதினாலு வருசத்துக்குப் பிறகு முதன்முதலாக விடிய ஆறு மணிவரைக்கும் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை கொண்டான். குழுவில் இடம் போனால் போகட்டும், அவளின் சொல் அவளுக்குத் திரும்பக் கிடைத்தால் காணும்.

வீடியோ வெளியாகி இரண்டாம் நாள் ஊரெல்லாம் போனும் கையுமாக இருந்தது. அவன் கடைக்குப் போனபோது கடைக்காரி சிவனேஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லெறியை எதிர்பார்த்துப் போனவனுக்கு அது விளங்கவில்லை.

"தங்கமான மனசு தம்பி உனக்கு," என்றாள். "அந்தப் பெட்டையின்ர பழியை உன்ர தலையில போட்டுக்கொண்டியே! ஆர் செய்வினம் இந்தக் காலத்தில?"

"ஐயோ அக்கா, நான் சொன்னது உண்மை. நான்தான் பிடுங்கினனான்."

"சும்மா விடு. நாலு தடியும் நட்டபடி நிண்டதை அண்டைக்கு நானும் போய்ப் பாத்தனான். எங்களுக்குத் தெரியாத கதையே?"

"நான் திருப்பி நட்டனான் அக்கா!"

"சரி சரி, நட்டனீதான்," என்று சிரித்தாள். "வெளிநாட்டுக்காரருக்கு அப்பிடிச் சொன்னாத்தான் வோட்டு விழுமாம், என்ர மருமோன் சொன்னவன். கெட்டிக்காரன்தான் நீ."

அவனைப் பெற்றவள்கூட நம்பவில்லை. மகன் இரக்கப்பட்டுப் பழியை ஏற்றான் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லி அழுதாள். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பாதர், பிறருடைய சிலுவையைச் சுமக்கிற பிள்ளையொன்று எங்கள் பங்கில் இருக்கிறது என்றார். பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் நின்று றஜித் வாய்விட்டுக் கத்தினான். "நான்தான் செய்தனான்! அவள் பொய் சொல்லேல்ல!" சனம் அவனைச் சுற்றி நின்று கேட்டது. ஒரு கிழவர் தோளில் தட்டினார். யாரோ கைகூடத் தட்டினார்கள். இத்தனை வருசம் மேடையில் நின்று அழகாகப் பேசிப் பேசியே அவன் கண்ட பலன் அதுதான். உண்மையைச் சொன்னாலும் அது இன்னொரு நல்ல பேச்சாகத்தான் அவர்களுக்குக் கேட்டது.

மூன்றாவது வாரத்தில் வாக்கு முடிவு வந்தது. மற்ற இருவரையும் சேர்த்தாலும் வராத அளவு வாக்கு அவனுக்கு. நஸீஹா தொலைபேசியில், குரலில் சந்தோசமும் சங்கடமும் கலந்து சொன்னாள். "இப்பிடி வெளிப்படையாக் கதைக்கிற ஒரு தலைவரைக் கண்டதில்லையாம். தொடக்க விழாவில உங்கட பேச்சுத்தான் முதல். அந்த நாலு தடிக் கதையையே சொல்லட்டாம்."

அவன் நேரே தர்மிளா வீட்டுக்குப் போனான். அவள் மெஷினில் இருந்தாள். ஊசியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெண்டிட்டியாம்."

"நான் வேண்டாமெண்டு எழுதிப் போடுறன், தர்மிளா."

"எழுதினா? அதுக்கும் ஒருக்கா எழும்பி நிண்டு கை தட்டுவினம்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "முதல் என்ர காலில ஏறிப் போனாய். இப்ப உன்ர பொய்யில ஏறிப் போறாய். எதைத் தொட்டாலும் உனக்கு ஏணியாத்தான் வருது. எனக்கு என்ன வந்தது சொல்லு? நேற்றுத் துணி குடுக்க வந்த மனுசி கேக்கிறா, அந்தப் பெடியனை என்ன சொல்லி மயக்கினனீ, உனக்காக இப்பிடிப் பொய் சொல்லுறானே எண்டு."

"நான் வீடு வீடாப் போய்ச் சொல்லுறன்."

"கோயில் முத்தத்தில நிண்டு சொன்னனீதானே. நம்பினவையோ?"

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"என்னை நம்பாமப் பண்ணினதும் நீதான், உன்னை நம்பப் பண்ணினதும் நீதான்," என்றாள் அவள். "போறதெண்டால் போ றஜித். அங்க நாற்பது நாட்டில என்ர சொல்லை நம்புற சனம் இருக்குது. அவையை நான் ஒருநாளும் காணப்போறேல்ல. நான் இஞ்சதான் இருக்கோணும். கொஞ்சம் விலகி நில், வெளிச்சம் மறைக்குது."

அவன் விலகினான். அப்படியே படியிறங்கிப் படலைக்கு வந்தான். படலைக்கு வெளியே ஒழுங்கையில் நாலைந்து சிறுமிகள் கயிறு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி துள்ள, மற்றவர்கள் கயிற்றின் தாளத்துக்குப் பாடினார்கள்.

"தடியைக் கண்டும் காணாமப் போனாள்,
தன்ர காலை விட்டிட்டு வந்தாள்!"

"பிள்ளையள், பாடாதேங்கோ!" என்று கத்தினான்.

கயிறு நின்றது. துள்ளிக்கொண்டிருந்தவள் அவனை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"றஜித் அண்ணா! இது நீங்கள் எழுதின பாட்டாமே? ரீச்சர் சொன்னவா, ஒருத்தரும் மறக்கக்கூடாதாம்."

விறாந்தையில் தையல் மெஷின் ஒரு கணம் நின்று, பிறகு ஓடத் தொடங்கியது.